தொலைந்துபோன மெயின்பிரேம் நிரல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

எலைசா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதரோடு உரையாடுவதுபோல் பாவனை செய்த ஆரம்பகாலக் கணினி நிரல். அன்றைய மெயின்பிரேமில், அதாவது ஓர் அறையையே அடைக்கும் பெருங்கணினியில், ஓடியது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 1960களின் நடுவில் எழுதியது. 1966 ஜனவரியில் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. மனநல மருத்துவர் வேடம் கட்டுவதற்கான வசனப் பட்டியல் அதில் அச்சாகியிருந்தது. நிரல் மட்டும் இல்லை. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் மூலநிரல் வெளியுலகின் கண்ணில் படவில்லை. போதாக்குறைக்கு, அது லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது என்றே பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு பெர்னி கோசல் லிஸ்பில் எழுதிய இன்னொரு எலைசா, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாகப் பரவி, அசலின் இடத்தில் உட்கார்ந்துகொண்டதே காரணம்.

2021இல் அசல் கிடைத்தது. எங்கே? எம்ஐடியின் ஆவணக்காப்பகத்தில், வைசன்பாமின் சொந்தக் காகிதங்கள் அடங்கிய பெட்டி ஒன்றில், ‘கணினி உரையாடல்கள்’ என்று பெயரிட்ட கோப்புக்குள். தேடியவர் ஜெஃப் ஷ்ரேகர். 1973இல், பள்ளி வயதில், தானே பேசிக் மொழியில் ஓர் எலைசாவை எழுதியவர் அவர். அந்த நகலும் பத்திரிகையில் வெளியாகி ஊரெல்லாம் பரவியது. நகல் எழுதியவரே அசலைத் தேடி எடுத்துக் கொடுத்தார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அந்தக் காகிதத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கணினித் திறமைதான் முதலில் வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது பின்னால்தான் வேண்டும். முதல் பாதி முழுக்க ஆட்களையும் காகிதங்களையும் தேடுகிற வேலை.

முதலில் நிரலின் ஜாதகத்தை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: நிரலின் பெயர், எந்த இயந்திரம், எந்த இயக்க முறைமை, எந்த மொழி, எந்த ஊரில் எந்த நிறுவனத்தில், எந்த ஆண்டு, யார் யார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘இதை எங்கே படித்தேன்’ என்றும் குறியுங்கள். பக்கத்தில் எழுத வேண்டிய இந்தக் குறிப்பை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எலைசா லிஸ்பில் எழுதப்பட்டது என்ற தகவலுக்கு ஆதாரம் கேட்டிருந்தால் ஒருவரும் காட்டியிருக்க முடியாது. ஆனால் 1966 கட்டுரையே ஐபிஎம் 7094, சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு முறைமை (ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்யும் இயக்க முறைமை), மேட்-ஸ்லிப் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. மேட் என்பது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான மொழி. ஸ்லிப் என்பது வைசன்பாமே எழுதிய பட்டியல் கையாளும் தொகுதி. தேடுகிறவர் கையில் இந்த இரண்டு சொற்கள் இருந்தால் பாதி வழி தாண்டியாயிற்று.

பெயரிலும் கவனம் வேண்டும். 1955இல் ஐபிஎம் 704 வாங்கிய நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஷேர் என்ற பயனர் சங்கத்தைத் தொடங்கின. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அப்படிச் சுற்றிய நிரல்களின் பெயருக்கு முன்னால் எழுதிய நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறி இருக்கும். யுனைட்டெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் ராய் நட் எழுதிய அசெம்பிளரின் (நிரலை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றும் நிரல்) பெயர் ‘யூஏ சாப்’. அந்த ‘யூஏ’தான் நிறுவனத்தின் குறி. நம் வீடுகளில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து போடுவதைப் போலத்தான். நிரலின் பெயரை மட்டும் தேடினால் கிடைக்காதது, குறியோடு சேர்த்துத் தேடினால் சிக்கும்.

முதல் வேட்டைக்குப் பெரிய இயக்க முறைமை எதையும் எடுக்காதீர்கள். நூறு, இருநூறு வரிகளுக்குள் அடங்குகிற ஏதாவது ஒரு சின்ன நிரல் போதும். எலைசாவே 420 வரிதான்.

ஏற்கெனவே கிடைத்துவிட்டதா என்று பாருங்கள்

இதற்கு ஒரு மாலை நேரம் போதும். அல் கோசோ தொகுத்து வரும் பிட்சேவர்ஸ் தளத்தில் ஆயிரக்கணக்கான கையேடுகளும், பழைய காந்த டேப்புகளிலிருந்து எடுத்த கோப்புகளும் இருக்கின்றன. கலிஃபோர்னியா மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் மென்பொருள் பாதுகாப்புக் குழு ஃபோர்ட்ரான், லிஸ்ப், அல்கால் ஆகிய நிரல் மொழிகளுக்குத் தனித்தனிப் பக்கங்கள் வைத்திருக்கிறது. பால் மெக்ஜோன்ஸின் உழைப்பு அதில் பெரும்பங்கு. இவற்றில் இருந்துவிட்டால் ஏமாற்றம் வேண்டாம். எடுத்து ஓட்டிப் பழகுங்கள், அதுவும் பயிற்சிதான்.

எழுதியவரை மட்டும் தேடாதீர்கள், இரவல் வாங்கியவரையும் தேடுங்கள்

வில் குரோதர் 1975–76 வாக்கில் பிடிபி-10 இயந்திரத்தில் ஃபோர்ட்ரானில் ஒரு குகை விளையாட்டை எழுதினார். அட்வென்ச்சர் என்று பெயர். அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் உட்ஸ் அதை எடுத்துப் பெருக்கி எழுதினார். உலகம் விளையாடியது உட்ஸின் வடிவத்தைத்தான். குரோதரின் அசல் போனது போனதுதான் என்றே எல்லோரும் இருந்தார்கள். 2005இல் அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்டான்ஃபோர்டில் உட்ஸின் பழைய மாணவர் கணக்கைச் சேமித்து வைத்திருந்த நகலிலிருந்து. டென்னிஸ் ஜெர்ஸ் அதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். எழுதியவரிடம் இல்லாதது இரவல் வாங்கியவரிடம் இருந்தது.

இதில் காரணமும் இருக்கிறது. எழுதியவருக்கு அது முடிந்த வேலை. வேலை மாறும்போது, வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிடுவார். வாங்கியவருக்கோ அது அரும்பாடுபட்டுக் கிடைத்த பொருள். ஆகவே கட்டுரையின் நன்றியுரையைப் படியுங்கள். அடிக்குறிப்புகளைப் படியுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளைப் புரட்டுங்கள். அந்தக் காலத்து ஆய்வேடுகளில் முழு நிரலையே கடைசியில் சேர்த்துக் கட்டிவிடும் வழக்கம் உண்டு. ‘எங்களிடம் இந்த நிரல் ஓடுகிறது’ என்று சொன்ன ஒவ்வொரு நிறுவனத்தையும் பட்டியலிடுங்கள்.

பிறகு கடிதம். அதைப் பெறுகிறவருக்குப் பெரும்பாலும் எண்பது வயதுக்கு மேல் இருக்கும். ‘உங்களிடம் டேப் இருக்கிறதா’ என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால், ‘இல்லை’ என்ற ஒரு சொல்லோடு கதவு மூடிவிடும். அவருக்கும் நினைவிருக்காது, பரணில் என்ன கிடக்கிறது என்று யாருக்குத்தான் நினைவிருக்கும்? நான் எழுதுகிற முறை இது (அன்று நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாகப் பதித்துத்தான் கணினிக்குக் கொடுத்தார்கள்):

‘ஐயா, வணக்கம். 1968இல் நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். அதன் 14ஆம் பக்கத்தில் வரிசைப்படுத்தும் முறை ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். அதை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அறிய ஆவல். அப்போது அட்டைகளை எங்கே துளைத்தீர்கள், அச்சுப்படிகளை யார் வைத்திருந்தார்கள் என்று நினைவிருந்தால் சொல்லுங்கள். பழைய காகிதம் எதுவாக இருந்தாலும், கிழிந்திருந்தாலும், பார்க்க ஆசைப்படுகிறேன்.’

முதல் கேள்வி அவருடைய வேலையைப் பற்றியது. அதற்கு நீண்ட பதில் வரும். அந்தப் பதிலுக்குள்ளேயே நீங்கள் தேடுகிற ஆளின் பெயர் எங்காவது ஒளிந்திருக்கும். கடைசி வாக்கியமும் முக்கியம். கிழிந்ததை, பாதி இருப்பதைக் கொடுக்கப் பலர் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தை நீங்களே முதலில் போக்கிவிட வேண்டும்.

நம்மூரிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அதில் அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு அச்சுப்படிக்காகக் காத்திருந்த மாணவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். பேசிப் பாருங்கள். அட்டையைப் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகி வைத்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

காப்பகத்தில் எப்படிக் கேட்பது

காப்பகங்களில் மென்பொருள் என்ற தலைப்பில் தேடினால் ஒன்றும் வராது. பெட்டிகள் மனிதர்களின் பெயரில், நிறுவனங்களின் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தொகுப்புக்கும் எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. பல காப்பகங்கள் அதை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். ‘இதர காகிதங்கள்’, ‘அச்சுப்படிகள்’, ‘தலைப்பிடாதவை’ என்று இருக்கும் வரிகள்தான் நமக்கு விருந்து.

எங்கே எது என்று சில: மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் நிறுவனத்தில் பரோஸ், கன்ட்ரோல் டேட்டா ஆகிய கணினி நிறுவனங்களின் ஆவணங்களும் ஷேர் சங்கத்தின் ஆவணங்களும் இருக்கின்றன. யூனிவாக் கணினிகள் தொடர்பானவற்றுக்கு டெலவரில் உள்ள ஹாக்லி அருங்காட்சியகம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பரின் காகிதங்கள் உண்டு. பிரிட்டன் இயந்திரங்களுக்குக் கணினிப் பாதுகாப்புச் சங்கத்தாரை அணுகலாம். கையில் கிடைத்ததை ஓட்டிப் பார்ப்பதில் அவர்களுக்கு நிகர் அவர்களே.

காப்பாளருக்கு எழுதும்போது பெட்டி எண், கோப்பின் பெயர், நீங்கள் எதிர்பார்க்கும் காகிதத்தின் தோற்றம் மூன்றையும் குறிப்பிடுங்கள். ‘பதினைந்து அங்குல அகலம், இரு ஓரங்களிலும் துளை, பச்சைக் கோடு போட்டிருக்கலாம், மடித்து மடித்துத் தொடர்ச்சியாக இருக்கும்’ என்று சொன்னால் நிரல் என்றால் என்னவென்று தெரியாதவரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ‘மேட்-ஸ்லிப் மூலநிரல் உள்ளதா’ என்றால் விழிப்பார். கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. இரண்டு மூன்று பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாலே உங்களுக்கு விளங்கிவிடும்.

கிடைத்தால், கையை வைக்காதீர்கள்

ஆர்வக்கோளாறில் பொருள் கெடுவது இந்த இடத்தில்தான்.

டேப் கிடைத்தால், முதலில் சுருளின் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அதில் பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். வளையம் இருந்தால்தான் இயந்திரம் டேப்பில் எழுதும். இல்லையென்றால் படிக்க மட்டுமே செய்யும். அதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். பழைய டேப் இயந்திரம் ஒன்றை எங்கோ விலைக்கு வாங்கி ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும். வேண்டவே வேண்டாம். காந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை காலப்போக்கில் ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படிப்பட்ட டேப்பை ஓட்டினால் பூச்சு முழுவதும் உரிந்து, படிக்கும் முனையில் அப்பிக்கொள்ளும். அதோடு முடிந்தது. சில வகை டேப்புகளை ஐம்பது டிகிரிச் சூட்டில் பல மணி நேரம் வைத்துத் தற்காலிகமாகத் தேற்றுவார்கள். ஆனால் அசிடேட்டால் ஆன பழைய டேப்புக்கு அதே வைத்தியம் எமனாகிவிடும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் அனுபவசாலிகளிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

அவர்கள் செய்வது வேறு விதம். டேப்பில் உள்ளதை நேரடியாக 0, 1 என்று படிக்காமல், முனையில் எழும் மின்னலையை அப்படியே பதிவுசெய்துகொள்கிறார்கள். பிறகு அந்த அலையை மென்பொருள் கொண்டு நிதானமாக ஆராய்கிறார்கள். டேப் ஒருமுறை ஓடினால் போதும். ஆராய்ச்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். லென் ஷுஸ்டெக் இதற்காகவே ஒரு நிரல் எழுதியிருக்கிறார். பால் பியர்ஸ் என்ற சேகரிப்பாளர் இதே வழியில் தன்னிடமிருந்த ஏழுதட டேப்புகளைப் படித்தெடுத்தார். சிடிஎஸ்எஸ்ஸின் மூலநிரல் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் எலைசாவின் காகிதம் கிடைத்தும் அதை ஓட்டுவதற்கு இடம் இருந்திருக்காது.

அட்டைகளாக இருந்தால் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வதே பெரிய காரியம். ஒரு பெட்டியில் சுமார் 2000 அட்டைகள். கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை பேனாவால் ஒரு சாய்கோடு இழுத்திருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கீழே போட்டால் திரும்ப அடுக்குவதற்கு அன்றைய நிரலாளர்கள் செய்த உபாயம் அது. கோடு ஓர் இடத்தில் மட்டும் பல்லைப்போல் எகிறியிருந்தால், அங்கே பின்னாளில் திருத்திய அட்டை செருகப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த விவரத்தைக் குறித்து வையுங்கள். நிரல் எப்படி மாறியது என்பதற்குச் சாட்சி அது. ரப்பர் பேண்டு காய்ந்து அட்டையோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். முதலில் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் படமெடுங்கள்.

அட்டைகள் இருக்கும் பெட்டியின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லையே என்று ஒதுக்காதீர்கள். 1957 ஏப்ரலில் ஐபிஎம்மின் முதல் ஃபோர்ட்ரான் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் நிரல்) வெஸ்டிங்ஹவுஸின் பெட்டிஸ் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தபோது அது பெயரில்லாத ஒரு பெட்டி அட்டைதான். என்னவாக இருக்கும் என்று ஊகித்து, இயந்திரத்தில் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

காகிதம் இருப்பதிலேயே பத்திரமானது; சலிப்பு தருவதும் அதுதான். ஓரங்களைச் சேர்த்து, நேர் மேலிருந்து, வளைவு விழாமல் படமெடுக்க வேண்டும். இடது ஓரம் வெட்டுப்படக்கூடாது. ஏன் என்று இரண்டு தலைப்புகளுக்குப் பின்னால் சொல்கிறேன்.

எழுத்தைப் படிக்கும் கலை

டேப்பிலிருந்து எடுத்த கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்தால் கூளம்தான் தெரியும். பயப்பட வேண்டாம். 1964க்குப் பின் வந்த ஐபிஎம் 360 வகையாக இருந்தால் எபிசிடிக் என்ற எழுத்துக் குறிமுறை, ஓர் எழுத்துக்கு எட்டு பிட் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1). பதினாறடிமான எண்களாகப் பார்த்தால் 40 40 40 40 என்று வரிசையாக ஓடும். அதெல்லாம் வெற்றிடங்கள். அட்டையின் எண்பது பத்திகளில் (செங்குத்து வரிசைகளில்) பாதிக்கு மேல் காலியாக இருப்பதால் 40 கொத்துக்கொத்தாக வரும். அதைக் கண்டவுடன் நிம்மதியாக மூச்சு விடலாம்.

7090, 7094 காலத்து டேப் என்றால் ஆறு பிட். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. டேப்பின் குறுக்கே ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு தடங்கள்: ஆறு எழுத்துக்கு, ஒன்று சரிபார்ப்புக்கு. எழுத்துகளைப் பதிகிற டேப்பில் ஏழு தடங்களிலும் சேர்த்து 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பூஜ்யத்தை ஆறு 0களாக எழுதினால் சரிபார்ப்புத் தடமும் 0 ஆகிவிடும். 0 என்றால் காந்தத்தில் மாற்றமே இல்லை. ஏழு தடங்களிலும் மாற்றம் இல்லையென்றால் அங்கே ஓர் எழுத்து இருப்பதே இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால் டேப்பில் மட்டும் பூஜ்யத்தைப் பத்து என்று பதிந்தார்கள். நினைவகத்தில் 0, டேப்பில் 10. இது தெரியாமல் நினைவகத்துக்கான அட்டவணையை வைத்துக்கொண்டு டேப்பைப் படித்தால் பூஜ்யம் வரும் எண்கள் எல்லாம் தப்பும் தவறுமாக வரும்.

அச்சுப்படியிலும் இதுபோல் ஒன்று காத்திருக்கிறது. ஃபோர்ட்ரான் நிரலில் இடது அடைப்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் % என்று அச்சாகியிருக்கும். சமக்குறிக்குப் பதில் #. கூட்டல் குறிக்குப் பதில் &. வலது அடைப்புக்குறியின் இடத்தில் சதுரமும் சாய்சதுரமும் கலந்தாற்போல் ஒரு குறி. பைத்தியம் பிடித்த அச்சு இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். அட்டையில் ஒரே துளைக் கோலத்துக்கு வணிகத்துக்கு ஒரு குறி, அறிவியலுக்கு ஒரு குறி என்று இரண்டு வைத்திருந்தார்கள். அன்று அச்சடித்த இயந்திரத்தில் வணிக எழுத்துச் சங்கிலி மாட்டியிருந்தது, அவ்வளவே. ஊதியப் பட்டியல் அடித்த கையோடு உங்கள் நிரலையும் அடித்திருப்பார்கள்.

தட்டச்சு

ஸ்கேன் செய்த படத்தைக் கணினியே படித்துத் தந்துவிடாதா என்று கேட்பீர்கள். மங்கிய லைன் பிரிண்டர் எழுத்தில் அது தரும் பிழைகளைத் திருத்தும் நேரத்தில் கையாலேயே அடித்துவிடலாம் என்பது என் அனுபவம். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியாக அடித்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுவதே நம்பகமான வழி. இருவரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்வது அபூர்வம். அப்படிச் செய்தால் அது காகிதத்திலேயே இருக்கும் பிழை.

பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் ஐ எழுத்தும் குழப்பும். இது எல்லோருக்கும் தெரிந்தது. என்னை ஆட்டிவைத்தது வேறு. ஃபோர்ட்ரானில் முதல் ஐந்து பத்திகள் வரி எண்ணுக்கு. ஆறாவது பத்தியில் ஏதாவது இருந்தால் ‘இது முந்தைய வரியின் தொடர்ச்சி’ என்று பொருள். ஏழிலிருந்து எழுபத்திரண்டு வரை நிரல். ஒரு பக்கத்தின் இடது ஓரம் என் படத்தில் வெட்டுப்பட்டிருந்தது. கண்ணளவில் இடைவெளி விட்டு அடித்தேன். ஒரு வரி ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. கம்பைலர் அதை முந்தைய வரியோடு ஒட்டி, பிழை எதுவும் சொல்லாமல் விழுங்கிவிட்டது. நிரல் ஓடியது, விடை வந்தது, விடை தவறு. இரண்டு இரவுகள் போயின. இடது ஓரம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். அதேபோல் எழுபத்திரண்டைத் தாண்டி வழிந்த எழுத்துகளைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. எழுபத்து மூன்று முதல் எண்பது வரை அட்டையின் வரிசை எண்ணுக்கு ஒதுக்கிய இடம்.

அசெம்பிளி மொழி அச்சுப்படி கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கத்தில் அந்த வரி என்ன எண்ணாக மாறியது என்றும் அச்சாகியிருக்கும். 7094இல் 36 பிட், அதாவது பன்னிரண்டு எட்டடிமான இலக்கங்கள். நீங்கள் அடித்ததை மீண்டும் அசெம்பிள் செய்து, வரும் எண்களைக் காகிதத்தில் உள்ள எண்களோடு ஒப்பிட்டால் ஒரு கால்புள்ளி தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய நிரலுக்கும் இது சாத்தியமே. இங்கிலீஷ் எலக்ட்ரிக் கேடிஎஃப்9 இயந்திரத்துக்காக பிரயன் ராண்டெல், லாஃபோர்ட் ரசல் இருவரும் 1960களின் தொடக்கத்தில் எழுதிய வெட்ஸ்டோன் அல்கால் கம்பைலர், ஒரு லைன் பிரிண்டர் அச்சுப்படியிலிருந்து கையால் அடித்தே மறுபடி உயிர்பெற்றது.

நிரலே கிடைக்காமல், அது ஓடியபோது வந்த அச்சு மட்டும் கிடைப்பதும் உண்டு. 1960களின் நடுவில் நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர்களுக்காக ஐபிஎம் 7090இல் ஓடிய சுமேரிய அரசன் விளையாட்டு, மேபல் ஆடிஸ் என்ற ஆசிரியை எழுதியது. மூலநிரல் போய்விட்டது. மாணவர்கள் விளையாடிய சில அமர்வுகளின் அச்சும் சில படவில்லைகளும் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இப்படி ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். என்றாவது நிரல் கிடைக்கும்போது, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அதுதான் உரைகல்.

ஓட்டிப் பார்ப்பது

இயந்திரம் தேவையில்லை. 704, 7094, 1401, 1620, பரோஸ் பி5500, பிடிபி-10 ஆகியவற்றுக்குச் சிம்ஹெச் என்ற எமுலேட்டர் (பழைய இயந்திரத்தைப்போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) தொகுப்பு இருக்கிறது; பாப் சுப்னிக் தொடங்கியது. ஐபிஎம் 360, 370 வகைக்கு ரோஜர் பௌலர் தொடங்கிய ஹெர்குலிஸ். உங்கள் மடிக்கணினியே அந்த இயந்திரங்களைவிடப் பல மடங்கு வேகமாக அவற்றின் வேலையைச் செய்துவிடும்.

சிக்கல் வேறு. உங்கள் நிரல் தனியாக வந்திருக்காது. ஏதாவது ஒரு நூலகத் தொகுதியை நம்பியிருக்கும், அந்தத் தொகுதி உங்களிடம் இருக்காது. எலைசாவுக்கும் இதுதான் நடந்தது. ஸ்லிப்பின் சில துணைநிரல்கள் அந்தப் பெட்டியில் இல்லை. பழைய கட்டுரைகளைப் படித்து, அவை என்ன செய்திருக்க வேண்டும் என்று ஊகித்து, புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். 2024 டிசம்பரில், எமுலேட்டரில் ஓடும் 7094இல், சிடிஎஸ்எஸ்ஸின் மேல் எலைசா மறுபடி பேசியது.

இப்படி ஒட்டுப்போட நேர்ந்தால் ஒரே விதி: எது அசல், எது உங்கள் கைவேலை என்று தனித்தனிக் கோப்பில் வையுங்கள். அசலில் கண்கூடாகத் தெரியும் பிழையைக்கூடத் திருத்தாதீர்கள். கை துறுதுறுக்கும், அடக்குங்கள். அந்தப் பிழையோடுதான் அது அன்று ஓடியது.

உரிமை

ஐபிஎம் 1969 ஜூனில் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவிக்கும் வரை, பெரும்பாலான நிரல்கள் இயந்திரத்தோடு சும்மா வந்தவை. அமெரிக்காவில் 1978க்கு முன் பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியிடப்பட்டவை பொதுவெளிக்கு உரியவை. ஆனால் ஒருவரின் மேசை இழுப்பறையில் இருந்த காகிதம் ‘வெளியிடப்பட்டது’ ஆகாது. வைசன்பாம் 2008இல் காலமானவர். எலைசாவின் நிரலை அவர் குடும்பத்தாரின் அனுமதி பெற்ற பிறகே வெளியிட்டார்கள். நீங்களும் கேளுங்கள். குடும்பத்தார் மறுத்ததாக நான் கேள்விப்பட்டதைவிட, கண்கலங்கிச் சம்மதித்ததாகக் கேள்விப்பட்டதே அதிகம்.

திரும்ப வைக்கும்போது

எல்லாம் முடிந்ததும் படங்கள், தட்டச்சுக் கோப்புகள், ஒட்டுப்போட்டவை, உங்கள் ஜாதக நோட்டுப் புத்தகம் அனைத்தையும் ஏதாவது ஒரு காப்பகத்திடமும் பொதுவில் ஓரிடத்திலும் கொடுங்கள். அசல் காகிதம் உங்கள் பொறுப்பில் இருந்தால், அமிலமில்லாத உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஊறிவிடும். நிரலின் பெயர், இயந்திரம், மொழி, எழுதியவர், ஆண்டு, இத்தனையையும் எழுதிவிட்டு, அடியில் ‘இது ஒரு கணினி நிரலின் மூலப்பிரதி’ என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.